ஒரே பெடல், வேறு வேறு மெஷின்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் மாணவர் மன்றச் செயலாளர் அண்ணன் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். எனக்குக் கவிதை வராது. பிரிவு உபசாரக் கட்டுரை எழுத நான் இன்னும் கடைசி வருடம் வரவில்லை. "உனக்குத் தெரிஞ்சதை எழுதும்மா" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது நான் செய்த ஒரு தப்பு. அந்தத் தப்பால் என் அம்மாவின் நான்கு நாள் கூலி கணக்கிலிருந்து காணாமல் போனது. அது ஏன் நடந்தது, எப்படி எழுதியிருந்தால் நடந்திருக்காது என்பதை விளக்கினால் ஜூனியர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்று எழுதத் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் குண்டடம். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது. மழையை நம்பின மேட்டுக்காடு. காட்டு வேலை குறையக் குறைய, காலையில் பனியன் கம்பெனி வேன் ஏறிப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் ஓவர்லாக் டைலர். கூலி பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல்.

அந்த யூனிட்டில் சூப்பர்வைசர் அண்ணன் ஒரு நோட்டில் டஜன் கணக்கு எழுதுவார். சனிக்கிழமை கூட்டும்போதெல்லாம் ஒரு சண்டை. நான் இரண்டாம் வருடம் வந்ததும், "இதுக்கு ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பெயர் போட ஒரு பெட்டி, டஜன் போட ஒரு பெட்டி, "சேர்" என்று ஒரு பொத்தான், கீழே ஒரு பட்டியல். அவ்வளவுதான். சின்ன வேலை என்று நினைத்தேன்.

கன்ட்ரோல் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் திரையில் நாம் தொட்டு வேலை வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் கன்ட்ரோல் என்று பெயர். பொத்தான், எழுத்துப் பெட்டி, பட்டியல், டிக் அடிக்கும் கட்டம் எல்லாம் கன்ட்ரோல்கள். பார்க்க ஒரு சின்னச் சதுரம்தான். ஆனால் ஒரு பொத்தானுக்கு உள்ளே எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள். அது தன்னைத் தானே வரைந்துகொள்ள வேண்டும். மவுஸ் மேலே வந்ததை உணர வேண்டும். அழுத்தினால் உள்ளே போன மாதிரி தெரிய வேண்டும். டேப் கீயைத் தட்டினால் பக்கத்துக் கன்ட்ரோலுக்கு வழி விட வேண்டும். கடைசியாக, "என்னை அழுத்தினார்கள்" என்று நம் புரோகிராமுக்குச் சேதி சொல்ல வேண்டும்.

எழுத்துப் பெட்டிக்கு இதைவிட வேலை அதிகம். கர்சர் எங்கே நிற்கிறது, எந்த எழுத்தை அழிப்பது, கீபோர்டில் தமிழ் அடித்தால் எப்படிச் சேர்த்துக் காட்டுவது என்று எல்லாம் அதன் பொறுப்பு.

பிளாட்பாரம் என்றால் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் நிற்கிற இடம் என்றுதான் முன்பு எனக்கு அர்த்தம். நம் பாடத்தில் அது வேறு. ஒரு புரோகிராம் எந்தத் தரையில் நின்று ஓடுகிறதோ அதுதான் பிளாட்பாரம். விண்டோஸ் ஒரு தரை, லினக்ஸ் ஒரு தரை, ஆப்பிள் மேக் ஒரு தரை, ஆண்ட்ராய்டு ஒரு தரை.

எனக்கு இரண்டு தரையும் தேவைப்பட்டது. யூனிட் ஆபீசில் இருந்தது விண்டோஸ். நம் லேபில் இருப்பது லினக்ஸ். வீட்டில் இருந்தது பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த இலவச லேப்டாப். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த வகை. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். அண்ணன் லேப்டாப்பில் விண்டோஸ் பக்கம் கெட்டுப்போய், பாஸ் மட்டும்தான் எழுந்து வரும். ஆக நம் மாவட்டத்து வீடுகளில் ஒரே பெட்டிக்குள் இரண்டு பிளாட்பாரம் எப்போதோ வந்துவிட்டது. புரோகிராம் எழுதுகிற நாம்தான் அதைக் கவனிக்கவில்லை.

ஏன் கம்பைல் ஆகவில்லை?

லைப்ரரியில் கிடைத்த பழைய புத்தகத்தைப் பார்த்து, சி மொழியில் விண்டோஸுக்கு எழுதினேன். யூனிட்டில் ஓடியது. அதே ஃபைலை லேபில் கொண்டுவந்து போட்டால் முதல் வரியிலேயே, "விண்டோஸ்.ஹெச் என்ற ஃபைல் இல்லை" என்று கம்பைலர் நின்றுவிட்டது. சி மொழி எங்கும் ஓடும் என்றுதானே பாடத்தில் படித்தோம்? எனக்குக் குழப்பமாகிவிட்டது.

காரணம் எளிது. சி மொழிக்கு 1989-லேயே பொதுத் தரம் வகுத்துவிட்டார்கள். கூட்டல், கழித்தல், லூப், ஃபைல் படிப்பது எல்லாம் எந்த மெஷினிலும் ஒன்றுதான். ஆனால் சி மொழிக்கு பிரிண்ட்எஃப் தெரியும், பொத்தான் தெரியாது. பொத்தானைத் தருவது மொழி இல்லை, பிளாட்பாரம். ஒவ்வொரு பிளாட்பாரமும் தன் வழியில் தருகிறது.

விண்டோஸில் பொத்தான் வேண்டும் என்றால் "கிரியேட் விண்டோ" என்று கூப்பிட வேண்டும். பொத்தானும் அங்கே ஒரு குட்டி விண்டோதான். அழுத்தினால் "கமாண்ட்" என்று ஒரு செய்தி நம் விண்டோ புரொசீஜருக்கு வரும். எல்லாச் செய்தியும் வருகிற ஒரே வாசல் அது. வந்த செய்தி எந்தப் பொத்தானுடையது என்று நாமே பிரித்துப் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் நான் எடுத்துக்கொண்டது ஜி.டி.கே. என்ற தொகுப்பு. படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளுக்காக உருவானது, பிறகு தனியாக வளர்ந்தது. அங்கே பொத்தானுக்கு "கிளிக்டு" என்று ஒரு சிக்னல் உண்டு. இந்த சிக்னல் வந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு என்று முன்கூட்டியே கட்டி வைத்துவிட வேண்டும். அழுத்துவது ஒன்றுதான். சேதி வந்து சேருகிற வழி இரண்டு.

முதலில் செய்த தப்பு வழி

சி மொழியில் "ஹேஷ் இஃப்டெஃப்" என்று ஒரு வசதி இருக்கிறது. விண்டோஸ் என்றால் இந்த வரிகளை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் அந்த வரிகளை எடுத்துக்கொள் என்று கம்பைலருக்குச் சொல்லலாம். அது கிடைத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். கண்ட இடத்தில் எல்லாம் போட்டேன். பெட்டி வரைகிற இடத்தில் ஒன்று, டஜன் எடுக்கிற இடத்தில் ஒன்று, கூலி பெருக்குகிற இடத்தில்கூட ஒன்று. முன்னூறு வரி புரோகிராமில் பாதி அதுவாகவே இருந்தது. கம்பைல் ஆனது. ஆனால் ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கம் உடைந்தது. எந்த வரி எந்த மெஷினுக்கு என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் லேப் சார் அதைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "உங்க அம்மா என்ன மெஷின்ல தைக்கிறாங்க?" என்று கேட்டார். ஓவர்லாக் என்றேன். "லைன்ல ஆள் இல்லாத அன்னைக்கு?" என்றார். பிளாட்லாக்கிலும் உட்காருவார், சிங்கரிலும் உட்காருவார் என்றேன். "எப்படி முடியுது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் அம்மாவிடமே கேட்டேன். "அதென்ன பெரிய வித்தை அம்மணி? காலு வெக்கிற பெடலு எல்லாத்துலயும் ஒண்ணுதான். உள்ள ஊசி நூலெல்லாம் மெக்கானிக்குப் பாத்துக்குவாரு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊரில் சிங்கர் என்று சொல்கிற சாதாரணத் தையல் மெஷினுக்கு டி.பி. 1 ஊசி. ஓவர்லாக்குக்கு டி.சி. 27. பிளாட்லாக்குக்கு யு.ஒய். 128. ஒன்றின் ஊசி இன்னொன்றில் நிற்காது. உள்ளே நூல் போகும் பாதையும் வேறு. ஆனால் மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும் என்பது மூன்றிலும் ஒன்றுதான். தைக்கிறவருக்குத் தெரிய வேண்டியது பெடல். ஊசி நம்பர் மெக்கானிக்கின் பெட்டிக்குள் இருந்தால் போதும்.

சரியான வழி

புரோகிராமை மறுபடி எழுதினேன். முதலில் ஒரு ஹெட்டர் ஃபைல். அதுதான் பெடல். அதில் இருந்தது ஆறே ஆறு வேலை.

1. எழுத்துப் பெட்டி ஒன்றை உருவாக்கு.
2. பெட்டியில் இந்த எழுத்தை வை.
3. பெட்டியில் இருப்பதை எடுத்துக் கொடு.
4. பொத்தான் ஒன்றை உருவாக்கு.
5. பொத்தானை அழுத்தினால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு.
6. பட்டியலில் ஒரு வரி சேர்.

இந்த ஆறையும் செய்து கொடுக்க இரண்டு தனி ஃபைல்கள். ஒன்று விண்டோஸ் வழியில், ஒன்று ஜி.டி.கே. வழியில். எந்த மெஷினில் கம்பைல் செய்கிறோமோ அதற்குரிய ஃபைலை மட்டும் மேக்ஃபைல் சேர்த்துக்கொள்ளும். கூலிக் கணக்கு போடுகிற ஃபைல் தனி. அது பெடலை மட்டும்தான் பார்க்கும்.

ஐந்தாவது வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஃபங்ஷன் பாயின்டர் எதற்கு என்று செமஸ்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தோமே, அது இதற்குத்தான். "சங்கு ஊதினால் சாப்பிடப் போ" என்று முதல் நாளே சொல்லி வைப்பதைப் போல, "அழுத்தினால் இதைக் கூப்பிடு" என்று ஒரு ஃபங்ஷனின் முகவரியைக் கொடுத்து வைக்கிறோம். விண்டோஸ் ஃபைல் அந்த முகவரியை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, கமாண்ட் செய்தி வரும்போது தேடிக் கூப்பிடும். ஜி.டி.கே. ஃபைல் அதை சிக்னலோடு கட்டிவிடும். கூலிக் கணக்குக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

சரியாகப் பிரித்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. கணக்கு ஃபைலைத் திறந்து, விண்டோஸ் என்ற சொல்லையோ ஜி.டி.கே. என்ற சொல்லையோ தேடுங்கள். ஒன்றுகூட வரக்கூடாது.

உலகத்தில் பெரியவர்கள் செய்ததும் இதுதான்

பிறகுதான் தெரிந்தது, நான் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் என்பவர் 1992-லேயே டபிள்யூ.எக்ஸ். என்ற தொகுப்பைத் தொடங்கிவிட்டார். இன்று அதற்கு டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்ஸ் என்று பெயர். நாம் ஒரே மாதிரி எழுதலாம். உள்ளே அது விண்டோஸில் விண்டோஸின் பொத்தானையும், லினக்ஸில் ஜி.டி.கே.யின் பொத்தானையும் எடுத்துக் கொடுக்கும். அந்தந்த ஊர்க்காரனை வேலைக்கு வைக்கிற வழி இது.

இன்னொரு வழியும் உண்டு. யாரிடமும் பொத்தான் கேட்காமல், வெறும் இடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தானே வரைந்துகொள்வது. நார்வே நாட்டில் ஹாவர்ட் நோர்ட், எய்ரிக் சாம்பே எங் என்ற இருவர் உருவாக்கி 1995-ல் வெளியிட்ட க்யூட் தொகுப்பு பெரும்பாலும் இந்த வகை. கூகுளின் ஃப்ளட்டரும் இந்த வகைதான். அதன் முதல் முழுப் பதிப்பு 2018-ல் வந்தது. ஜாவா இரண்டையும் செய்து பார்த்தது. 1996-ல் வந்த அதன் ஏ.டபிள்யூ.டி. அந்தந்த பிளாட்பாரத்தின் கன்ட்ரோலைப் பயன்படுத்தியது. அதற்குப் பின் வந்த ஸ்விங் தானே வரைந்தது.

எது நல்லது? முதல் வழியில், வாடிக்கையாளருக்குப் பழகின முகம் கிடைக்கும். ஆனால் எல்லா ஊரிலும் இருக்கிற வசதியை மட்டும்தான் நம்பலாம். இரண்டாவது வழியில், எங்கும் ஒரே முகம் கிடைக்கும். ஆனால் அந்தந்த பிளாட்பாரம் இலவசமாகத் தருகிற வசதிகளை நாமே செய்துகொள்ள வேண்டிவரும். பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்வது, வேறு மொழிக் கீபோர்டு எல்லாம் அதில் சேரும்.

நம் தமிழ்நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் சோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் ஆரம்பத்தில் செய்தது நெட்வொர்க் நிர்வாக மென்பொருள். அதற்கு எடுத்துக்கொண்ட மொழி ஜாவா. ஒருமுறை எழுதினால் பல தரையில் ஓடும் என்பதுதான் ஜாவாவின் வாக்கு.

"இப்பத்தான் எல்லாம் பிரவுசர்ல வந்திருச்சே, இது எதுக்கு?" என்று கேட்பீர்கள். பிரவுசரும் இதே வித்தைதான். அதற்குள்ளே இந்தப் பிரிவை யாரோ நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

கம்பைல் ஆனது, கணக்கு தப்பானது

இனி என் தப்புக்கு வருகிறேன். இங்கே ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன்.

புது புரோகிராம் இரண்டு பக்கமும் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆனது. லேபில் பல பெயர் போட்டுச் சோதித்தேன். எல்லாம் சரி. யூனிட்டில் விண்டோஸில் மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரம் புதன்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது. "நம்ம லேப்டாப்பை எடுத்துட்டுப் போங்க, அதுலயும் ஓடும்" என்று நானே கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமை சாயந்திரம் பட்டியல் போட்டால் அம்மாவின் பெயரே இல்லை.

அம்மா ஒவ்வொரு பண்டிலுக்கும் தருகிற டோக்கன் சீட்டைப் பிய்த்து டிபன் பாக்ஸில் போட்டு வைப்பார். எண்ணினால் நான்கு நாளைக்கு 176 டஜன் வந்தது. டஜனுக்கு 9 ரூபாய் 60 பைசா என்று வைத்துக்கொண்டால் 1689 ரூபாய் 60 பைசா. லேப்டாப்பில் சுழி.

எனக்கு அழுகை வந்ததற்குக் காரணம் அந்தப் பணம் இல்லை. அம்மா சொன்ன வார்த்தை. "கம்ப்யூட்டரு தப்புப் பண்ணுமா அம்மணி? அதும் நீ எழுதுனது. நான் போன வாரத்துச் சீட்டைச் சேத்தி எண்ணியிருப்பேன்." கையில் இருந்த சீட்டை நம்பாமல் என் புரோகிராமை நம்பினார்.

அன்று ராத்திரியே அதே லைனில் வேலை செய்கிற இன்னொரு டைலர் அண்ணன் வீடு தேடி வந்துவிட்டார். "அக்கா, என்ற பேருல ரெண்டாள் கூலி ஏறியிருக்குதுங்க. நான் ஒரு ஆளுதானுங்களே" என்றார். அவர் பெயர் முத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா பெயர் முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கே கொஞ்சம் விளங்கும்.

எங்கே போனது லட்சுமி?

பெயர் வைக்க 20 கட்டம் ஒதுக்கியிருந்தேன். கடைசிக் கட்டம் முடிவைக் குறிக்கப் போய்விடும். மீதி 19. அந்த வரி இரண்டு பிளாட்பாரத்துக்கும் பொது. ஆனால் கட்டத்தின் அளவு பொது இல்லை. விண்டோஸில் அகலமான எழுத்து வகையைப் பயன்படுத்தியதால் ஒரு கட்டம் இரண்டு பைட். லினக்ஸில் ஒரு கட்டம் ஒரே பைட்.

தமிழ் யூனிகோடில், முத்துலட்சுமி என்ற பெயருக்கு 13 குறியீடுகள். மகரம், உகரக் குறி, தகரம், புள்ளி என்று தனித்தனியாக எண்ண வேண்டும். விண்டோஸ் பயன்படுத்தும் யு.டி.எஃப்.-16 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு இரண்டு பைட், அதாவது ஒரு கட்டம். 13 கட்டம் போதும். 19-க்குள் அடங்கிவிட்டது. ஜி.டி.கே. கேட்பது யு.டி.எஃப்.-8. அதில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். 13 குறியீட்டுக்கு 39 பைட் வேண்டும். இருந்தது 19. முதல் ஆறு குறியீடுகள் 18 பைட்டில் அடங்கின. அந்த ஆறு குறியீடும் சேர்ந்தால் "முத்து". மிச்சம் ஒரு பைட் அரைகுறை. அரைகுறை பைட் இருந்தால் ஜி.டி.கே. சத்தம் போடும் என்று, அதைத் தூக்கி எறியும் வரியையும் நானே சமர்த்தாக எழுதி வைத்திருந்தேன். ஆக, சுத்தமான "முத்து" மிஞ்சியது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் கணக்கு அவரோடு சேர்ந்துவிட்டது.

லேபில் ஏன் தெரியவில்லை? நான் சோதித்த பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில். அதே பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் 12 எழுத்து, 12 பைட். இரண்டு பக்கமும் அடங்கும். என் அம்மாவின் பெயரை அம்மா எழுதுகிற எழுத்தில் ஒருமுறைகூட அடித்துப் பார்க்கவில்லை.

கம்பைல் ஆவது என்றால் இரண்டு மெஷினும் அந்த வரியை ஒப்புக்கொண்டது என்றுதான் அர்த்தம். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று அர்த்தம் இல்லை. பெடல் ஒன்று என்று மேலே எழுதி வைத்தேன். ஆனால் "பெட்டியில் இருப்பதை எடுத்துக் கொடு" என்றால் எத்தனை எழுத்து, எந்த முறையில், இடம் போதாவிட்டால் என்ன செய்வது என்று பெடலிலேயே நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை ஒவ்வொரு பிளாட்பாரமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொண்டது.

தமிழ் பட்ட பாடு

இந்தக் கஷ்டம் நமக்கு முன்னாலேயே தமிழ்க்காரர்கள் பட்டதுதான். 1990-களில் ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டும் தன் இஷ்டத்துக்கு எண் வைத்துக்கொண்டது. ஒரு கம்ப்யூட்டரில் அடித்தது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். அதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடியது. தமிழ்99 கீபோர்டும், டாம், டாப் என்ற எழுத்து முறைகளும் அதன் வழியே அரசுத் தரமாயின. யூனிகோடில் 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளைக் கம்ப்யூட்டருக்குச் செய்தார். அவருடைய செல்லினம் 2005-ல் சிங்கப்பூரில் வெளியானது. அன்று இருந்தது பட்டன் போன். பிறகு ஐபோன் வந்தது, ஆண்ட்ராய்டு வந்தது. உள்ளே எல்லாம் மாறியும், அடிக்கிறவர் விரலுக்குத் தமிழ் தமிழாகவே வர வேண்டும். பெடல் மாறாமல் மெஷின் மாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எழுத்துப் பெட்டி செய்கிறவர்களுக்குத் தமிழில் இன்னும் ஒரு பாடம் உண்டு. "கோ" என்பது நமக்கு ஒரு எழுத்து. யூனிகோடில் இரண்டு குறியீடு. திரையில் ககரத்துக்கு முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். குறியீடு குறியீடாக நாமே வரைந்தால் கொம்பு இடம் மாறிவிடும். அதனால் வரைகிற வேலையை அதற்கென்று இருப்பவரிடம் விட வேண்டும். லினக்ஸில் பாங்கோவும் ஹார்ஃப்பஸ்ஸும் அதைச் செய்கின்றன. விண்டோஸ் 2000 முதல் தமிழ் வடிவமைப்பு உண்டு. கர்சரும் எழுத்தின் நடுவில் நிற்கக்கூடாது. முத்துலட்சுமி என்பது பள்ளிக்கூடக் கணக்கில் மு, த், து, ல, ட், சு, மி என்று ஏழு எழுத்து. பெட்டியில் அம்புக்குறிக் கீயை ஏழு தடவை தட்டினால் முடிவுக்கு வந்துவிட வேண்டும்.

ஜூனியர்களுக்குச் சில குறிப்புகள்

1. பிளாட்பார வித்தியாசத்தை ஒரே இடத்தில் பூட்டி வையுங்கள். இஃப்டெஃப் கணக்கு நடுவில் வரக்கூடாது.

2. உள்ளே எல்லா எழுத்தையும் யு.டி.எஃப்.-8 ஆக வையுங்கள். விண்டோஸின் வாசலில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

3. அளவு எழுதாத வகைகளை நம்பாதீர்கள். 64 பிட் விண்டோஸில் "லாங்" 32 பிட். 64 பிட் லினக்ஸில் அதே "லாங்" 64 பிட். எத்தனை பிட் என்று பெயரிலேயே சொல்லும் வகைகளைப் பயன்படுத்துங்கள்.

4. காசைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். தசமத்தில் வைத்தால் கடைசிப் பைசா இழுக்கும்.

5. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஒன்றாகவே இருக்கட்டும். விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் விடாது.

6. பொத்தானை இத்தனையாவது புள்ளியில் வை என்று எண் கொடுக்காதீர்கள். ஒரு பிளாட்பாரத்தில் அடங்குகிற தமிழ் வார்த்தை, ஃபான்ட் மாறினால் இன்னொன்றில் வெட்டுப்படும். உள்ளிருக்கும் எழுத்துக்குத் தகுந்தாற்போல் விரியும்படி லேஅவுட் செய்யுங்கள்.

7. இடம் போதாவிட்டால் கன்ட்ரோல் சத்தமில்லாமல் வெட்டக்கூடாது. "பெயர் அடங்கவில்லை" என்று சொல்ல வேண்டும். இது எல்லாவற்றையும்விட முக்கியம்.

8. ஆளைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். டோக்கன் நம்பரை வைத்துத் தேடுங்கள். இது பிளாட்பாரத் தப்பு இல்லை, என் தப்பு.

முடிவாக

திங்கட்கிழமை முத்து அண்ணன் சூப்பர்வைசரிடம் தானே சொல்லிக் கணக்கைப் பிரித்துவிட்டார்கள். அம்மாவுக்குப் பணம் வந்தது. புரோகிராமைத் திருத்தி, கட்ட எண்ணிக்கையே இல்லாமல் எவ்வளவு நீளப் பெயரும் அடங்கும்படி செய்தேன். கொடுப்பதற்கு முன்னால் லைனில் இருக்கிற அத்தனை பேர் பெயரையும் தமிழில், இரண்டு மெஷினிலும் அடித்துச் சோதித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி, "முழுசா இருக்குது" என்றார்.

ஆனாலும் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டேன். டோக்கன் சீட்டைப் போடும் டிபன் பாக்ஸை மாற்ற வேண்டாம். சனிக்கிழமை தோறும் எண்ணுங்கள். என் கணக்கோடு ஒத்துவராவிட்டால் முதலில் என்னைக் கேளுங்கள்.

நண்பர்களே, நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள். நாம் எழுதுவதை வீட்டில் இருப்பவர்கள் சரிபார்க்க மாட்டார்கள், நம்பிவிடுவார்கள். அதனால் சரிபார்க்கும் பொறுப்பு நமக்கு இரண்டு மடங்கு. அடுத்த முறை லேபில் புரோகிராம் சோதிக்கும்போது ஏ, பி, சி என்று அடிக்காமல், உங்கள் அம்மா பெயரைத் தமிழில் முழுசாக அடித்துப் பாருங்கள்.



— இரண்டாம் ஆண்டு மாணவி,
கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டிப்ளமோ,
குண்டடம்.